காதின் ஓர் அங்குலம்

இரண்டு இயர்போன்களில் எது நல்லது என்று யாராவது கேட்டால், "எவ்வளவு நேரம் போட்டிருப்பீர்கள்? கம்பளித் தொப்பி போடுகிற பழக்கம் உண்டா?" என்று திருப்பிக் கேட்கிறேன். ஒலியைப் பற்றிக் கேட்டால் இவன் தொப்பியைப் பற்றிப் பேசுகிறானே என்று அவர்கள் முகத்தில் ஒரு சலிப்பு தெரிகிறது. நுவரெலியா மாவட்டத்தில் குடியிருப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்பது என் எண்ணம். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் காதை மூடித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்ளாமல் இங்கே யாரும் வெளியே இறங்குவதில்லை. அந்தத் தொப்பி, காதுக்குள் இருக்கும் இயர்போனை ஓயாமல் உள்ளே அழுத்திக்கொண்டே இருக்கும். கடையில் சும்மா போட்டுப் பார்க்கும்போது இதெல்லாம் தெரியாது.

என்னிடம் இரண்டு ஜோடிகள் இருக்கின்றன. இரண்டும் கம்பி உள்ளவை, காதுத்துளைக்குள் நுழைத்துப் போடுகிறவை. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று, சுண்டுவிரல் நுனியளவே உள்ள நேரான உலோகக் குழல். கம்பி நேராகக் கீழே தொங்கும். மற்றது காதுமடலின் குழிவை நிறைத்துக்கொண்டு உட்காரும் வகை. அதன் கம்பி காதின் மேலாகச் சுற்றிப் பின்பக்கமாக இறங்கும். முன்னதைக் குழல் என்றும் பின்னதைச் சிப்பி என்றும் சொல்லிக்கொள்கிறேன். நிறுவனப் பெயர்களை வேண்டுமென்றே விடுகிறேன். ஹட்டனிலோ கண்டியிலோ இன்று கடையில் தொங்குவது அடுத்த முறை போகும்போது இருப்பதில்லை. வடிவங்கள் அப்படி மாறுவதில்லை, எந்தப் பெயரில் வந்தாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டு வடிவங்களுக்கும் இரண்டு பரம்பரைகள் உண்டு. குழல் வகை செவிப்புலன் ஆய்விலிருந்து வந்தது. கேட்டல் கருவிகளில் ஆய்வு செய்த மீட் கில்லியன் என்ற அமெரிக்கர் 1983இல் எட்டிமோட்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1991இல் அங்கிருந்து ஈஆர்-4 என்ற இயர்போன் வந்தது. மூன்று அடுக்கு ரப்பர் முனையைக் காதுக்குள் ஆழமாகச் செலுத்திக் கேட்க வேண்டிய கருவி அது. சிப்பி வகை மேடையிலிருந்து வந்தது. ரொக் இசைக்குழுக்களின் ஒலிப்பொறியாளராக இருந்த ஜெரி ஹார்வி, வான் ஹேலன் குழுவின் டிரம்ஸ் கலைஞருக்காக, காதின் அச்சை எடுத்து வார்த்த இயர்போன்களைச் செய்துகொடுத்தார். 1995இல் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது அப்படித்தான். மேடையில் துள்ளிக் குதித்தாலும் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகக் கம்பியைக் காதின் மேலே சுற்றினார்கள். இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிப்பி அந்த மேடைக் கருவியின் தூரத்து உறவு. ஒரே வித்தியாசம், அச்சு எடுக்கப்பட்ட காது நம்முடையது இல்லை. யாரோ ஒருவரின் சராசரிக் காதுக்காக வார்த்ததை நம் காதில் பொருத்திக்கொள்கிறோம்.

நான் இவற்றை மணிக்கணக்கில் போட்டிருப்பதற்குக் காரணம் பாட்டு இல்லை, கசெட்டுகள். 1964ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத்துக் குடும்பங்கள் பாதி இந்தியாவிலும் பாதி இங்குமாகப் பிரிந்த கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் குடும்பத்திலும் மூத்த பெரியம்மா நீலகிரிக்குப் போய்விட்டார். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். நலம் விசாரிப்பு, வசவு, தாலாட்டு, ஒப்பாரி, நடுவே தகரக் கூரையில் மழை, எங்கோ குரைக்கும் நாய் எல்லாம் அதில் இருக்கும். அவற்றைக் கணினியில் ஏற்றி, வார்த்தை வார்த்தையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்கு ஸ்பீக்கர் சரிவராது. அடுத்த வீட்டுத் தொலைக்காட்சிக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே இருப்பது ஒரு பலகைச் சுவர்தான்.

முதலில் சௌகரியம். காதுக்குழாய் சராசரியாக 25 மில்லிமீற்றர் நீளம், அதாவது ஓர் அங்குலம். வெளிப்பக்கம் குருத்தெலும்பால் ஆனது, கொஞ்சம் வளைந்துகொடுக்கும். உட்பக்கம் எலும்பு, அதன்மேல் மெல்லிய தோல் மட்டுமே. அங்கே எது பட்டாலும் சுரீரென்று இருக்கும். சிறந்த ஒலிக்காக ஆழமாகப் போடச் சொல்கிறவர்கள் அந்த எலும்புப் பகுதிக்கு அருகே போகச் சொல்கிறார்கள். பழகியவர்களுக்குச் சரி. எனக்கு ஒத்துவரவில்லை.

குழல் என் காதில் கிட்டத்தட்ட எடையே இல்லாமல் இருக்கிறது. காதுமடலின் எந்தப் பகுதியையும் அது தொடுவதில்லை. குழாயின் வாயில் இருக்கும் சிலிக்கன் முனையே அதை முழுவதுமாகத் தாங்குகிறது. தொப்பி போட்டாலும், ஒருக்களித்துப் படுத்தாலும் உறுத்துவதில்லை. ஆனால் நடக்க முடியாது. கம்பி சட்டையில் உரசும் ஒவ்வொரு முறையும் கரகரவென்ற சத்தம் நேராகக் காதுக்குள் ஏறுகிறது. தோட்டத்து ஏற்றப் பாதையில், நைலோன் ஜக்கெட்டும் போட்டுக்கொண்டு நடந்தால், கேட்பது கசெட்டா ஜக்கெட்டா என்று தெரியாது. இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. குழலையும் தலைகீழாகப் பிடித்துக் கம்பியைக் காதின் மேலே சுற்றிவிடலாம். சத்தம் வெகுவாகக் குறையும். கண்ணாடி போடாதவர்களுக்கு அது நல்ல வழி.

கண்ணாடி என்றதும் சிப்பிக்கு வருகிறேன். காதின் மேல் விளிம்பில் ஏற்கெனவே கண்ணாடியின் காது உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் சிப்பியின் வளைந்த கம்பி, அதற்கும் மேலே கம்பளித் தொப்பி. வீட்டுக்குள் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் சிப்பி அருமையாகப் பொருந்துகிறது, கம்பி உரசும் சத்தம் துளியும் இல்லை. ஒரு மணி நேரம் போனபின், காதுமடலின் உள்மேட்டில் ஓரிடம் மெல்லச் சூடாகி, பிறகு வலிக்கத் தொடங்கும். இடது காதில்தான் அது. வலது காதில் எத்தனை நேரம் இருந்தாலும் ஒன்றும் இல்லை. இரண்டு காதுகளும் ஒரே அளவில் இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் இடது காதுக்குச் சிறிய முனையும் வலது காதுக்கு நடுத்தர முனையும் போட்டபின்தான் வலி பாதியாகக் குறைந்தது. பெட்டிக்குள் மூன்று அளவுகளில் முனைகள் தருவது அழகுக்காக இல்லை. பலர் ஏற்கெனவே மாட்டியிருப்பதை ஒருபோதும் கழற்றிப் பார்ப்பதில்லை.

நுரை முனைகளையும் முயன்றேன். விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே வைத்தால் அது மெதுவாக விரிந்து காதின் உருவத்தை ஏற்கும். கொழும்பில் நண்பரின் வீட்டில் சில நொடிகளில் விரிந்தது, நானுஓயாவில் ஒரு குளிர்ந்த காலையில் விரியவே யோசித்தது. அந்த நுரை சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும் தன்மையுடையது. உள்ளங்கையில் சற்று நேரம் பொத்திவைத்துவிட்டுப் போட்டால் சரியாகிறது. ஈரமான நாட்களில் நுரை சீக்கிரம் அழுக்கேறுவது வேறு தொல்லை. சிலிக்கனை வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடலாம். நுரையை அப்படிச் செய்ய முடியாது.

மலைநாட்டுக்காரருக்கே உரிய இன்னொரு சங்கதி, காது அடைப்பு. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக அவிசாவளைக்குப் பஸ் இறங்கும்போது 1,200 மீற்றருக்கும் அதிகமான உயரத்தை விடுகிறோம். காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். எச்சிலை விழுங்கினால் நடுக்காது சமமாகிக்கொள்ளும். ஆனால் இயர்போன் முனை இறுக்கமாக அடைத்திருந்தால், முனைக்கும் செவிப்பறைக்கும் இடையில் சிக்கிய காற்று மலையுச்சியின் காற்றாகவே இருக்கும். விழுங்க விழுங்க அடைப்பு கூடுவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். இதற்காகத்தான் நல்ல இயர்போன்களில் ஊசிமுனை அளவில் ஒரு காற்றுத்துளை வைக்கிறார்கள். என் குழலில் அது முதுகுப்பக்கம் இருக்கிறது, எப்போதும் திறந்தே இருக்கும். சிப்பியில் அது காதின் தோலைத் தொடும் உட்பக்கத்தில் இருக்கிறது, சதை அதை அடைத்துவிடுகிறது. பாதி இறக்கத்தில் ஒரு தரம் கழற்றிப் போட வேண்டியிருக்கிறது. முன்பின் தெரியாத பக்கத்து இருக்கைக்காரர், "மருந்து போட்டிருக்கிறீர்களா?" என்று அனுதாபத்தோடு விசாரித்ததும் உண்டு.

அந்தத் துளைக்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டும். குழலுக்குள் பஸ்ஸின் இரைச்சல் தாராளமாக நுழைகிறது. கியரைக் குறைத்து ஏற்றம் ஏறும் எஞ்சினின் உறுமல் தாழ்ந்த அதிர்வு, அதை அடக்குவதுதான் இருப்பதிலேயே கடினம். இரைச்சலை மிஞ்ச ஒலியைக் கூட்டுகிறோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 83க்கு 20 மணி நேரம், 90க்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். பஸ்ஸில் குழலைப் போட்டுக்கொண்டு உரக்க வைத்துக் கேட்கிறவர், ஒரு வாரத்துக்கு உரியதைக் கொழும்புக்குப் போய்வரும் ஒரே பயணத்தில் செலவழித்துவிட முடியும். அதனால் பஸ்ஸில் சிப்பிதான், அடைப்பைப் பொறுத்துக்கொண்டு.

இப்போது ஒலி. சௌகரியத்தை ஒரு பக்கத்திலும் ஒலியை மறுபக்கத்திலும் வைத்து மதிப்பெண் போடும் வழக்கம் எனக்குப் புரிவதில்லை. முனை சரியாக அடைக்கவில்லை என்றால் கீழ்ச்சுருதி கசிந்து போய்விடும். 200 ஹேர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 200 அதிர்வுகளுக்குக் கீழே 10 டெசிபெல்லும் அதற்கு மேலும் இழக்கலாம். அப்போது தவிலில் தாழ்ந்து ஒலிக்கும் தொப்பிப் பக்கம் காணாமல் போகும், உயர்ந்து ஒலிக்கும் வலந்தலைப் பக்கம் மட்டும் தகரம்போல் தட்டும். அப்படிக் கேட்டுவிட்டு "இதில் பேஸ் இல்லை" என்று எழுதுகிறவர் தன் காதைத்தான் விமர்சிக்கிறார். வலியினால் கொஞ்சம் தளர்த்திப் போட்டாலும் இதே கதிதான். எனவே நீண்ட நேரம் வலிக்கிற இயர்போன் நீண்ட நேரம் நன்றாக ஒலிக்கவும் முடியாது.

இதை இங்கேயே இருக்கும் இன்னொரு பெரியம்மா தெரியாமலேயே நிரூபித்தார். நீலகிரிக்குப் போன அவருடைய மூத்த அக்காவின் கசெட்டை அவருக்குச் சிப்பியில் போட்டுக் காட்டினேன். வாயில் வெற்றிலை.

"என்ன தம்பி, அக்கா குரல் வருகிறது, போகிறது. வானொலி மாதிரி இருக்கிறதே?"

"வாயை அசைக்காமல் கேளுங்கள் பெரியம்மா."

"வெற்றிலையை வாயில் போட்டுவிட்டு எப்படி அசைக்காமல் இருப்பது?"

தாடை அசையும்போது காதுக்குழாயின் முன்சுவரும் அசைகிறது. மெல்லும் ஒவ்வொரு அசைவுக்கும் முனையின் ஓரத்தில் ஒரு சிறு இடைவெளி திறந்து மூடுகிறது. போதாததற்கு, காது அடைபட்டிருந்தால் மெல்லும் சத்தம் எலும்பு வழியாக வந்து உள்ளேயே முழங்கும். குழலில் மிகச் சிறிய முனையைப் போட்டுக் கொடுத்தேன். அதை அவர் காது ஏற்றுக்கொண்டது. தோடும் தடுக்கவில்லை, தலையில் சுற்றியிருந்த துண்டும் தடுக்கவில்லை. மெல்லுவதை நிறுத்தாமலேயே ஒரு பக்கம் முழுவதையும் கேட்டு முடித்தார்.

எழுத்து வேலைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். காரணம் அந்த ஓர் அங்குலமே. திறந்திருக்கும் காதுக்குழாய் ஒரு முனை மூடிய ஊதுகுழல். 3,000 ஹேர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை அது தானாகவே உயர்த்திக் கொடுக்கும், பிறந்ததிலிருந்து உலகத்தை அப்படித்தான் கேட்டுவருகிறோம். இயர்போனை நுழைத்து அடைத்ததும் அந்த இயற்கையான உயர்வு கெட்டுவிடுகிறது. ஆகவே செய்கிறவர்கள் அதே இடத்தில் செயற்கையாக ஒரு மேட்டை வைக்க வேண்டும். எவ்வளவு மேடு என்பதில்தான் சண்டை. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷோன் ஒலிவ் குழுவினர் பலரை உட்காரவைத்துக் கேட்கச் செய்து, பெரும்பாலானோர் விரும்பும் ஒலி வளைவு, அதாவது எந்த அதிர்வு எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பது, எது என்று 2013 முதல் வெளியிட்டுவந்தார்கள். மலிவான இயர்போன்கள்கூட இன்று கேட்கும்படியாக இருப்பதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. என் சிப்பி ஏறக்குறைய அந்த வளைவைப் பின்பற்றுகிறது. குழலில் அந்த மேடு தாழ்வு, எல்லாம் கொஞ்சம் மெத்தென்று கேட்கும்.

மெத்தென்ற அந்த ஒலி இரவில் சுகம், எழுதும்போது சங்கடம். ஒரு கசெட்டில் மூத்த பெரியம்மா கல்யாணச் சீர் பற்றிச் சொல்கிறார். "பத்துச் சேலை" என்கிறாரா, "பட்டுச் சேலை" என்கிறாரா? குழலில் எத்தனை முறை ஓட்டியும் தெரியவில்லை. தகரமா டகரமா என்பதைக் காட்டும் தடயம் நாக்கு விடுபடும் அந்தக் கண நேர வெடிப்பிலும், அதைச் சுற்றியுள்ள உயிரொலி 2,000, 3,000 ஹேர்ட்ஸ் பகுதியில் வளையும் விதத்திலும் இருக்கிறது. நாடாவின் இரைச்சலும் அங்கேயே குடியிருக்கிறது. சிப்பியில் கேட்டபோது அந்தப் பகுதி ஒரு படி முன்னால் வந்தது. பட்டுத்தான். இங்குள்ள பெரியம்மா மட்டும் இன்னும் நம்பவில்லை. "எங்களிடம் பட்டு ஏது? தோட்டத்துச் சம்பளத்தில் பட்டா?" என்கிறார். பத்துச் சேலைக்கு மட்டும் பணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அடிக்குறிப்பில் இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன்.

அதே மேடு நாதஸ்வரத்தில் பழிவாங்குகிறது. நாதஸ்வரத்தின் வலிமை அதன் மேல் சுரங்களில் இருக்கிறது, அவற்றில் ஒரு கூட்டம் சரியாக 3,000 ஹேர்ட்ஸைச் சுற்றி நிற்கும். கோயில் திருவிழாவின் பதிவு ஒன்றைச் சிப்பியில் கேட்டால், மேல்ஸ்தாயியில் நிற்கும்போது பல் கூசுகிறது. திறந்த வெளியில் வாசிக்கப் பிறந்த வாத்தியம், செவிப்பறைக்கு இரண்டு சென்ரிமீற்றர் முன்னால் நின்று ஊதினால் அப்படித்தான் இருக்கும். குழலில் அது வாசலுக்கு வெளியே போய்விடுகிறது.

தப்பு என்ற தோல்வாத்தியத்தின் ஒலி நான் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. மாசி மாதத்துக் காமன் கூத்தின் பதிவு ஒன்று இருக்கிறது. பனியில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பார்கள். காய்ச்சிய புதிதில் சத்தம் விறைப்பாகவும், நேரம் போகப் போகத் தாழ்ந்தும் வரும். சிப்பியில் தடித்த குச்சியின் அடி நெஞ்சில் இறங்குகிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பருத்த கீழொலி, காய்ச்சிய தோலுக்கும் தளர்ந்த தோலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பூசி மறைக்கிறது. குழலில் அடி மெலிவாக இருந்தும், மெல்லிய நீளக் குச்சியின் விளாசலும் தோலின் சுருதி இறங்குவதும் தனித்தனியாகத் தெரிகின்றன. கூத்தின் எந்த இடத்தில் மறுபடியும் நெருப்புக்குப் போனார்கள் என்று காதாலேயே குறித்துக்கொள்ள முடிந்தது.

ஆகவே இப்போதைய ஏற்பாடு இப்படி இருக்கிறது. மேசையில் சிப்பி, பேச்சுக் கசெட்டுகளுக்கு மட்டும், நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றிவைத்து. பஸ்ஸிலும் அதுவே. தப்புக்கும் நாதஸ்வரத்துக்கும் குழல், படுக்கையிலும் குழல். ஒன்றை மட்டும் வாங்கக் காசு இருக்கிறது என்கிறவர், கண்ணாடியும் தொப்பியும் போடுகிறவராக இருந்தால் குழலை வாங்கலாம். பஸ்ஸில்தான் பெரும்பாலும் கேட்பேன் என்றால் சிப்பி. எதை வாங்கினாலும் மேலதிக முனைகள் ஒரு பொட்டலம் சேர்த்து வாங்குங்கள், சிறிய அளவில். எனக்கும் இன்னொரு குழல் வேண்டியிருக்கிறது. பெரியம்மாவிடம் கொடுத்தது இன்னும் அவர் வெற்றிலைப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, கேட்டால் "இரண்டாம் பக்கம் இன்னும் முடியவில்லை" என்கிறார்.